தாமரை இலையை காப்பி அடிச்சா பாட்டில் பசுமை ஆயிடுமா?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மேலாப்ல பாத்தா சின்ன கேள்விதான். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு, திரும்பத் திரும்ப பயன்படுத்துற தண்ணி பாட்டில் ஒண்ணு டிசைன் பண்றீங்க, உள்பக்கம் தாமரை இலை மாதிரி ஒரு பூச்சு கொடுத்துட்டா கழுவுற வேலையே மிச்சம், தண்ணி மிச்சம், சோப்பு மிச்சம், இயற்கையைப் பாத்து செஞ்சதுங்கறதால சுற்றுச்சூழலுக்கும் நல்லது, இதுக்கு எந்த கோட்டிங் சரியா வரும்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க நிஜமா கேக்க வேண்டிய கேள்வி அந்த "இயற்கையைப் பாத்து செஞ்சதுங்கறதால" அப்படிங்கற இடத்துல ஒளிஞ்சிருக்கு. அதாவது இயற்கையை காப்பி அடிச்சா ஒரு பொருள் தானாவே பசுமை ஆயிடுமா? கோட்டிங் கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தை, வேண்டாம். இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன். 16 வருஷமா ப்ராடக்ட் டிசைன்ல இருக்கேன், அதுல பாதி நேரம் மெட்டீரியல் தேர்வு பண்றதும், ஒரு பொருள் மண்ணுல இருந்து எடுக்கப்படுறதுல ஆரம்பிச்சு குப்பைக்குப் போற வரைக்கும் என்னென்ன கேடு பண்ணுதுன்னு கணக்கு போடுறதும்தான் வேலை. உயிரியல் படிச்சவன் இல்ல. அதனால ஒரு பூச்சியோ செடியோ எப்படி வேலை செய்யுதுங்கற இடத்துல நான் என் ஊகத்தை நம்புறதில்ல, அதைப் படிச்சவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் பென்சிலையே எடுப்பேன். இந்தப் பழக்கம் அடிபட்டு வந்தது, அந்தக் கதையும் கீழ வரும்.

முதல்ல தாமரை இலைக்கே வருவோம், ஏன்னா இயற்கையைப் பாத்து டிசைன் பண்ற, பயோமிமிக்ரின்னு சொல்ற இந்தத் துறையில இதைவிட நல்லா புரிஞ்சுக்கப்பட்ட விஷயம் ரொம்ப கம்மி. 1970கள்ல வில்ஹெல்ம் பார்ட்லாட்னு ஒரு ஜெர்மன் தாவரவியலாளர் ஆயிரக்கணக்கான இலைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தார். வழவழன்னு இருக்கிற இலையெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி துடைச்சு சுத்தம் பண்ண வேண்டியிருந்துச்சு, சொரசொரப்பா இருக்கிற இலைங்க மட்டும் எப்பவும் சுத்தமாவே வந்துச்சு. நம்ம புத்திக்கு நேர் எதிர் இல்லையா, வழவழப்பாத்தானே சுத்தமா இருக்கணும்? காரணம் என்னன்னா தாமரை இலை மேல மைக்ரான் அளவுல (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சின்னச் சின்ன மேடுங்க, அந்த மேடு ஒவ்வொண்ணு மேலயும் அதைவிட பல மடங்கு சின்னதா மெழுகுக் குழாய்ங்க. தண்ணித் துளி அந்த மேட்டு நுனியில மட்டும்தான் உக்காருது, கீழ முழுக்க காத்து. அதனால துளி உருண்டையா நிக்குது, லேசா சாஞ்சாலே உருண்டு ஓடுது, போற வழியில தூசியையும் சுருட்டிக்கிட்டு போயிடுது. 1997-ல கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸோட சேர்ந்து அவர் இதை விரிவா எழுதினார், 1999-ல இந்தத் தத்துவத்துல வெளிச்சுவருக்கான பெயிண்டே சந்தைக்கு வந்துடுச்சு. இது வரைக்கும் எல்லாம் உறுதியான விஷயம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

இப்ப இதை உங்க பாட்டிலுக்குள்ள வைங்க. தாமரை இலை தண்ணிக்கு மேல நிக்கிற இலை, மழைத்துளி வந்து விழுந்து உருண்டு ஓடுறதுக்காக இருக்கிற அமைப்பு. உங்க பாட்டில்ல தண்ணி துளியா வர்றதில்ல, நாள் முழுக்க நிரம்பி நிக்குது. அந்த மேடுகளுக்கு நடுவுல இருக்கிற காத்து, தண்ணியோட அழுத்தத்துலயும் தண்ணியில கரைஞ்சும் கொஞ்சம் கொஞ்சமா காணாம போயிடும், காத்து போச்சுன்னா அந்த வித்தையும் போச்சு, வெறும் சொரசொரப்பு மட்டும் மிச்சம், அதுல அழுக்கு இன்னும் வசதியா உக்காரும். அப்புறம் சோப்பு. சோப்போட வேலையே தண்ணியோட பரப்பு இழுவிசையைக் குறைக்கிறதுதான், அது குறைஞ்சா தண்ணி அந்த இடுக்குக்குள்ள புகுந்துடும். பிரஷ் போட்டு ஒரு தேய் தேய்ச்சா நானோ அளவு மெழுகுக் குழாய் என்னாகும்னு நான் சொல்லத் தேவையில்ல. இலைக்கும் இதே அடி விழுது, ஆனா இலை உயிரோட இருக்கு, மெழுகு போன இடத்துல திரும்ப சுரக்க வெச்சுக்கும். பாட்டிலுக்கு அந்த வசதி கிடையாது.

நான் அடிபட்டதும் இதே இடத்துலதான். கிட்டத்தட்ட 9 வருஷம் முன்னாடி ஒரு கம்பெனிக்காக வெளிப்புற விளக்கோட கவர் ஒண்ணு டிசைன் பண்ணோம், தூசி படிஞ்சு வெளிச்சம் குறையுதுங்கறதுதான் அவங்க பிரச்சனை, நானே முந்திக்கிட்டு தாமரை இலை கோட்டிங் போடலாம்னு சொன்னேன். லேப்ல அமர்க்களமா இருந்துச்சு, தண்ணி ஊத்தினா கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டு ஓடும், மீட்டிங்ல எல்லாரும் கை தட்டினாங்க. வெளியில மாட்டி சில மாசத்துல, காத்துல வர்ற மண்ணும் துடைக்கிற துணியும் சேர்ந்து மேல்புறத்தை அரிச்சு எடுத்துடுச்சு. கோட்டிங் இல்லாத கவரைவிட எங்க கவர் அதிக அழுக்கு, ஏன்னா மிச்சமிருந்த சொரசொரப்பு தூசியைப் பிடிச்சு வெச்சுக்கிச்சு. அதைவிட எனக்கு உறுத்தினது வேற. அந்தக் கோட்டிங்கோட வேதியியலை அதுக்கப்புறம்தான் நிதானமா படிச்சேன், ஃப்ளோரின் சேர்ந்த சேர்மங்கள், பிஎஃப்ஏஎஸ்னு சொல்றாங்களே, மண்ணுலயும் தண்ணியிலயும் லேசுல சிதையவே சிதையாத அந்த வகையறா. தாமரை வெறும் மெழுகை வெச்சு செஞ்ச வேலையை நாங்க எதை வெச்சு செஞ்சோம் பாருங்க. வடிவத்தை மட்டும் காப்பி அடிச்சு, அந்த வடிவத்தை தாமரை எதால எப்படி செய்யுதுங்கறதை விட்டுட்டோம். நீங்க வாங்க நினைக்கிற கோட்டிங்லயும் இதே சேர்மங்கள் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, வாயில வைக்கிற பாட்டில் வேற.

அடுத்து நீங்க குடுவைத் தாவரம் பத்திக் கேப்பீங்கன்னு நினைக்கிறேன், தேட ஆரம்பிச்சா அதுதான் ரெண்டாவதா வரும். பூச்சி வழுக்கி உள்ள விழுற மாதிரி அந்தக் குடுவையோட விளிம்பு நனைஞ்சா ஒரு ஈரப் படலத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும், அதைப் பாத்து 2011-ல ஹார்வர்டுல ஜோவானா ஐசன்பெர்க் குழு எதுவுமே ஒட்டாத வழுக்குப் பரப்பு ஒண்ணு செஞ்சு காட்டினாங்க. அருமையான வேலை, சந்தேகமே இல்ல. ஆனா அதுல பரப்புக்குள்ள ஒரு எண்ணெய் ஊறி நிக்கணும், முதல் முதலா செஞ்சப்ப அந்த எண்ணெயும் ஃப்ளோரின் வகைதான். நாளாக நாளாக அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும், செடி திரும்ப நனைச்சுக்கும், உங்க பாட்டில் நனைச்சுக்காது. போற எண்ணெய் எங்க போகும்னும் யோசிங்க, குடிக்கிற தண்ணியிலதான்.

புலியைப் பாத்து பூனை சூடு போட்டுக்கிட்ட கதைன்னு சொல்வோமே, இந்தத் துறையில அது நிறைய. இதுல வேடிக்கை என்னன்னா பல சமயம் புலிக்கே அந்த வரி இருக்கான்னு பாக்காம போட்டுக்கறோம். நீங்க கேள்வியில உதாரணம் காட்டின ஹராரே நகரத்து ஈஸ்ட்கேட் கட்டடத்தையே எடுத்துக்குவோம். ஜிம்பாப்வேல 1996-ல கட்டினது, கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், கரையான் புற்று எப்படி உள்ள ஒரே மாதிரி குளிர்ச்சியா வெச்சுக்குதோ அதே மாதிரி வழக்கமான ஏசி இல்லாமலே இந்தக் கட்டடம் இயங்குதுன்னு எல்லா பிரசன்டேஷன்லயும் ஒரு ஸ்லைடு இருக்கும், நானும் வெச்சிருக்கேன். அந்தக் காலத்துல கரையான் புற்று பத்தி இருந்த நம்பிக்கை 1961-ல மார்ட்டின் லூஷர் எழுதினதை ஒட்டி வந்தது, உள்ள சூடான காத்து மேல போய் ஆறி கீழ இறங்குதுன்னு. அப்புறம் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் புற்றுங்களை நிஜமாவே அளந்து பாத்து 2008-ல எழுதினாங்க: புற்றுக்குள்ள வெப்பநிலை ஒரே மாதிரி இருக்கிறதே இல்ல, சுத்தி இருக்கிற மண்ணோட சேர்ந்து வருஷம் முழுக்க ஏறி இறங்குது, புற்றோட வேலை குளிரூட்டுறது இல்ல, மூச்சு விடுறது, ஒரு நுரையீரல் மாதிரி காத்தை மாத்துறது. அப்ப கட்டடம் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, அது நல்லாத்தான் வேலை செய்யுது! கனமான கான்கிரீட் பகல் சூட்டை வாங்கி வெச்சுக்குது, ராத்திரி குளிர்ந்த காத்தை ஃபேன் வெச்சு உள்ள ஓட்டி அந்தச் சூட்டை வெளிய தள்ளுறாங்க. ஹராரே கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, ராத்திரி நல்லா குளிரும், அதனால இது நடக்குது. ராத்திரியும் புழுங்குற இடத்துல இதே கட்டடத்தை அப்படியே கட்டி வெச்சா உள்ள உக்காந்திருக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான்.

கார்லயும் இப்படி ஒரு கதை உண்டு. 2005-ல மெர்சிடிஸ் பென்ஸ் பெட்டி மாதிரி உடம்பு இருக்கிற பாக்ஸ்ஃபிஷ் மீனைப் பாத்து ஒரு மாதிரிக் கார் செஞ்சாங்க, அந்த மீன் தண்ணியை லேசா கிழிச்சுக்கிட்டு ஆடாம அசையாம போகுதுன்னு காரணம் சொன்னாங்க. காரோட காத்துத் தடைக் கெழு 0.19, இது எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, அதனால அது நிஜமாவே நல்ல எண். ஆனா 2015-ல ஆராய்ச்சியாளர்கள் மீனையே சோதிச்சப்ப, அந்த உடம்புக்கு தடை அதிகம், நிலையா இருக்கவும் அது உதவல, சொல்லப்போனா நிலையில்லாம இருக்கிறதுதான் பவளப்பாறை இடுக்குல சட்டுன்னு திரும்ப அந்த மீனுக்கு வசதின்னு தெரிஞ்சுது. காரை நல்லா ஆக்கினது காத்தை வேகமா வீச வெச்சு சோதிக்கிற சுரங்கத்துல மாடலை செதுக்கிச் செதுக்கி உழைச்ச இன்ஜினியருங்க, பேர் வாங்கினது மீன். சுறாத் தோல் நீச்சலுடையும் அப்படித்தான். 2012-ல ஹார்வர்டுல ஜார்ஜ் லாடர் குழு நிஜ சுறாத் தோலை வளையுற தகட்டுல ஒட்டி நீந்த விட்டாங்க, அதுல இருக்கிற பல் மாதிரி முள்ளுங்க வேகத்தை சுமார் 12 சதவீதம் கூட்டுச்சு. அதே சோதனையில அந்த பிரபலமான நீச்சலுடைத் துணியோட மேற்பரப்பால எந்த லாபமும் இல்ல. நமீப் பாலைவனத்து வண்டு முதுகு மேட்டுல பனியைப் பிடிச்சுக் குடிக்குதுன்னு 2001-ல ஒரு பிரபலமான கட்டுரை வந்துச்சு, அதைப் பாத்து தண்ணி பிடிக்கிற வலை, பாட்டில்னு ஏகப்பட்ட டிசைன். பின்னாடி பாத்தா தலைகீழா நின்னு பனி பிடிக்கிற வண்டு வேற இனம், அது முதுகுல அந்த மேடே கிடையாது. மேடு வெச்ச பரப்புல தண்ணி நல்லா சேருதுங்கறது லேப்ல உண்மை, வண்டு அப்படிப் பண்ணுதுங்கறதுதான் ஆடிப்போச்சு.

இதையெல்லாம் சொல்றது உங்களை ஊக்கம் குறைக்க இல்ல. ஒரு தப்பான உயிரியல்ல இருந்தும் நல்ல பொருள் வரலாம், சரியான உயிரியல்ல இருந்தும் மோசமான பொருள் வரலாம். கதையும் பொருளும் ரெண்டு தனித்தனி விஷயம், நீங்க ரெண்டையும் தனித்தனியா சோதிக்கணும். உங்க கைடு கதையைக் கேட்டு மார்க் போடுவார், அது வேற விஷயம்.

சரி, காப்பி சரியாவே நடந்த இடத்துக்கு வருவோம். வெல்க்ரோ எல்லாருக்கும் தெரியும், 1941-ல சுவிஸ் இன்ஜினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாய் மேல ஒட்டிக்கிட்ட முள் காயைப் பாத்துக் கண்டுபிடிச்சது. காப்பி நூத்துக்கு நூறு, வேலையும் செய்யுது. ஆனா அது நைலான், பெட்ரோலியத்துல இருந்து வர்றது, துணியோட சேத்துத் தைச்சுட்டா அப்புறம் பிரிச்சு மறுசுழற்சி பண்றது பெரும்பாடு. முள் காய் விழுந்த இடத்துல மக்கிப் போகும், வெல்க்ரோ போகாது. ஜப்பான்ல 1997-ல ஓட ஆரம்பிச்ச 500 வரிசை புல்லட் ரயிலோட மூக்கும் இப்படித்தான், ஐஜி நகாட்சுன்னு பறவை பாக்கிற பழக்கம் உள்ள இன்ஜினியர் மீன்கொத்தி அலகைப் பாத்து வடிவமைச்சார், ரயில் வேகமா குகைப் பாதைக்குள்ள நுழையும்போது எழுற அழுத்த அலையால மறுமுனையில வெடிச்ச மாதிரி கேக்கிற சத்தத்தைக் குறைக்க. மீன்கொத்தி காத்துல இருந்து தண்ணிக்குள்ள பாயுது, ரயில் திறந்த வெளியில இருந்து குறுகின குகைக்குள்ள பாயுது, ரெண்டுமே தடை திடீர்னு கூடுற இடம், அதனால அந்த ஒப்பீடு பிரமாதமா பொருந்துச்சு. ஆனா யாரும் சொல்லாத மிச்சக் கதை ஒண்ணு இருக்கு, அந்த நீள மூக்கும் உருண்டையான உடம்பும் உள்ள இடத்தைச் சாப்பிட்டுச்சு, செலவும் ஜாஸ்தி, அடுத்து வந்த 700 வரிசைக்கு வேற மாதிரி மூக்கு வெச்சுட்டாங்க. ஒரு பிரச்சனையை மட்டும் பிரமாதமா தீத்துட்டா போதாது, மத்த பத்துப் பிரச்சனையோடயும் அது ஒத்துப் போகணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஜானின் பென்யுஸ், இந்தத் துறைக்கு 1997-ல தன் புத்தகத்தால பெரிய கவனம் கொண்டு வந்தவங்க, அவங்க காப்பியை மூணு படியா பிரிப்பாங்க: வடிவத்தைக் காப்பி அடிக்கிறது, செய்முறையைக் காப்பி அடிக்கிறது, முழு அமைப்பையே காப்பி அடிக்கிறது. நான் மேல சொன்ன அத்தனையும் முதல் படி. பசுமைங்கறது பெரும்பாலும் ரெண்டாவது படியிலதான் கிடைக்குதுங்கறது என் அனுபவம், ஆனா பாருங்க, மாணவர் ப்ராஜெக்ட்ல பத்துல ஒம்போது முதல் படியோட நின்னுடும், ஏன்னா வடிவத்தை வரையலாம், செய்முறையை வரைய முடியாது.

முத்துச்சிப்பி, அபலோன் மாதிரி ஓடுங்களோட உள்பக்கம் பளபளக்குமே, அதுல கிட்டத்தட்ட 95 சதவீதம் வெறும் சுண்ணாம்பு வகை, கால்சியம் கார்பனேட். லேசா உதிர்ந்து போற சாக் பாறையும் அதே சேர்மம்தான். ஆனா அந்த ஓடு லேசுல உடையாது, ஏன்னா அரை மைக்ரான் தடிமன் தகடுங்களா அடுக்கி, நடுவுல துளி புரதப் பசை வெச்சு செங்கல் சுவர் மாதிரி கட்டியிருக்கு, விரிசல் நேரா ஓட முடியாம ஒவ்வொரு தகட்டையும் சுத்திச் சுத்திப் போய் களைச்சுப் போகுது. இதெல்லாம் எங்க நடக்குது? கடல் தண்ணி சூட்டுல, உலை இல்லாம. நம்ம ஒரு கடினமான பீங்கான் செய்யணும்னா ஆயிரம் டிகிரிக்கு மேல சுடணும். அதே மாதிரி குண்டு துளைக்காத உடுப்புல வர்ற கெவ்லார் இழையை சூடான அடர் கந்தக அமிலத்துல கரைச்சுத்தான் இழுக்கறாங்க, சிலந்தி சாதாரண வெப்பநிலையில தண்ணியில கரைஞ்ச புரதத்தை வெச்சு நூல் இழுக்குது. ஜூலியன் வின்சென்ட் குழு 2006-ல ஒரு வேலை பண்ணாங்க, இன்ஜினியருங்க பிரச்சனையைத் தீர்க்கிற விதத்தையும் உயிரினங்கள் தீர்க்கிற விதத்தையும் வரிசையா ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டும் ஒத்துப் போனது வெறும் 12 சதவீதம்தான். நம்ம பிரச்சனை வந்தா சக்தியைக் கூட்டுறோம், சூடு பண்றோம், அழுத்துறோம், இல்லன்னா புது மெட்டீரியல் தேடுறோம். உயிரினம் கைவசம் இருக்கிற அதே நாலு பொருளை வேற மாதிரி அடுக்குது. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல பதிச்சுக்கிட்டா நீங்க பாக்கிற பார்வையே மாறிடும்.

நொறுக்குத் தீனி பாக்கெட்டைக் கிழிச்சு வெளிச்சத்துல பாருங்க. ஈரம் வராம இருக்க ஒரு படலம், ஆக்சிஜன் வராம இருக்க இன்னொண்ணு, மேல அச்சடிக்க ஒண்ணு, ஒட்ட வைக்க ஒண்ணு, நடுவுல அலுமினியம். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பொருள், அதனால பிரிக்க முடியாது, மறுசுழற்சி பண்றவங்க ஒதுக்கித் தள்ளிடுவாங்க. வண்டோட மேல்தோலுக்கு வாங்க. கைட்டினும் புரதமும் முக்கியமா அவ்வளவுதான், அதையே ஒரு இடத்துல கெட்டியா, மூட்டுல வளையுற மாதிரி, வேற இடத்துல நிறமா, மூச்சு விடுற துளையா மாத்தி மாத்தி அமைச்சுக்குது. செத்தா மொத்தமும் ஒரே மாதிரி மக்குது. பொருளைக் கூட்டாம அமைப்பை மாத்தி வேலை வாங்குறதுங்கறது இதுதான், ஒரே வகை பிளாஸ்டிக்லயோ ஒரே உலோகத்துலயோ முழுப் பொருளையும் செய்ய முயற்சி பண்ற டிசைனர் வண்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலன்னாலும் நிஜமா இயற்கையைக் காப்பி அடிக்கிறவர் அவர்தான்.

செய்முறைக் காப்பி சந்தைக்கே வந்து நின்னதுக்கு ஒரு உதாரணம் ப்ளைவுட் பசை. கடல் பாறையில அலை அடிச்சாலும் பிடியை விடாம ஒட்டிக்கிட்டு இருக்கிற மட்டியைப் பாத்து, அதோட பசைப் புரதத்துல என்ன இருக்குன்னு படிச்சு, அமெரிக்காவுல ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல காய்ச்சாங் லீ சோயா புரதத்தை அதே குணத்துக்கு மாத்தினார். வழக்கமான பசையில ஃபார்மால்டிஹைடு இருக்கும், அது மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு 2004-லயே சர்வதேச புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திடுச்சு. அதைச் சேக்காம ப்ளைவுட் செஞ்சு ஒரு பெரிய கம்பெனி விக்க ஆரம்பிச்சுது, அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. இதுல மட்டியோட வடிவம் எங்கயாவது தெரியுதா? தெரியாது. பாக்க வழக்கமான ப்ளைவுட் மாதிரியேதான் இருக்கும், யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க.

மூணாவது படியைப் பத்தி கொஞ்சமா சொல்லிட்டு நகர்றேன். இன்டர்ஃபேஸ்னு கார்ப்பெட் கம்பெனி, ரே ஆண்டர்சன் நடத்தினது, 2000-ல காட்டுத் தரையைப் பாத்து ஒரு டைல் கார்ப்பெட் கொண்டு வந்தாங்க. காட்டுத் தரையில எந்த ரெண்டு அடி இடமும் ஒரே மாதிரி இருக்காது, ஆனா எதைப் பிடுங்கி எங்க வெச்சாலும் கண்ணுக்கு உறுத்தாது. அதே மாதிரி ஒவ்வொரு டைலும் கொஞ்சம் வேற நிறம், வேற கோடு, எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம். விளைவு என்னன்னா வெட்டி வீணாகுறது குறைஞ்சுது, ஒரு டைல் கறை ஆனா அது ஒண்ணை மட்டும் மாத்தலாம், புதுசு பழசுன்னு தெரியாது, ரெண்டு தடவை சாயம் போட்டதுல நிறம் மாறிப் போச்சுன்னு தூக்கிப் போடவும் வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணங்கள்ல இது ஒண்ணு, ஏன்னா இங்க காப்பி அடிச்சது இலையோட வடிவத்தை இல்ல, ஒழுங்கில்லாம இருந்தும் அழகா இருக்கிற அந்த குணத்தை.

இனி எதை எவ்வளவு நம்பலாம்னு என் கணக்கைச் சொல்றேன். சுறாத் தோல் வரிகளை விமானத்து மேல படலமா ஒட்டினா எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம், இது பெரிய விமானங்கள்ல இப்ப நிஜமாவே ஒட்டிப் பறக்க விடுற விஷயம், நம்பலாம், 1 சதவீதம்னு உதட்டைப் பிதுக்காதீங்க, ஒரு பெரிய விமானம் குடிக்கிற எரிபொருளுக்கு அது சின்னதில்ல. ஹம்ப்பேக் வகைத் திமிங்கிலத்தோட துடுப்பு முன்விளிம்புல இருக்கிற மேடுகளை ஃப்ராங்க் ஃபிஷ் குழு 2004-ல மாடல் வெச்சு சோதிச்சாங்க, துடுப்பு சாயச் சாய தூக்கு விசையை இழக்கிற அந்தக் கோணம் சுமார் 40 சதவீதம் தள்ளிப் போச்சு, இதுவும் உண்மை, ஆனா லாபம் அந்த மாதிரி அதிகக் கோணத்துலதான், சாதாரண ஓட்டத்துல பெருசா எதுவும் கிடைக்காது, அதனால எல்லா ஃபேனுக்கும் மேடு வெச்சா கரண்ட் மிச்சம்னு யாராவது சொன்னா எந்தக் கோணத்துலன்னு கேளுங்க. சிலந்தி நூலைப் பொறுத்தவரை நூலோட வலிமை சந்தேகமில்லாதது, தொழிற்சாலையில செய்யுறதுதான் இழுபறி. ஆட்டுப் பால்ல அந்தப் புரதத்தை வர வெச்சுப் பாத்தாங்க, நுண்ணுயிர் வெச்சு சர்க்கரையில இருந்து புரதம் எடுக்கறாங்க, ஆனா சிலந்தி வயித்துக்குள்ள நூலா மாறுற அந்தக் கடைசி நிமிஷ வித்தை, அமிலத்தன்மை மாறி, உப்பு மாறி, இழுவையில புரதம் அடுக்கிக்கிறது, அதை முழுசா எட்டுறது பெரிய கஷ்டம். அந்த சர்க்கரையை விளைய வைக்க நிலம், தண்ணி, உரம் எவ்வளவுங்கற கணக்கும் சேரணும். "380 கோடி வருஷ ஆராய்ச்சி"ன்னு ஒரு வசனம் இந்தத் துறையில எல்லாரும் சொல்வாங்க, அதைக் கேட்டா எனக்கு எரிச்சலா வரும். பரிணாமம் சிறந்ததைத் தேடல, குட்டி போடுற வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும்னு விட்டுடும். ஒட்டகச்சிவிங்கியோட குரல்வளை நரம்பு மூளையில இருந்து நெஞ்சு வரைக்கும் இறங்கி திரும்ப தொண்டைக்கு ஏறி வருது, எந்த இன்ஜினியரும் அப்படி வயர் இழுக்க மாட்டான்.

அளவு பத்தியும் ஒரு வார்த்தை. பல்லி சுவத்துல நிக்கிறது கால்ல இருக்கிற நுண்ணிய முடிங்களுக்கும் சுவத்துக்கும் நடுவுல வர்ற வான்டர்வால்ஸ் விசையால, அதாவது மூலக்கூறுங்க ரொம்ப நெருங்கும்போது வர்ற சின்ன ஈர்ப்பால, அது கெல்லர் ஆட்டம்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 2000-ஐ ஒட்டி அளந்து காட்டினது. பல்லி சின்னது, எடை கம்மி, பாதப் பரப்பு எடையோட ஒப்பிட்டா ஜாஸ்தி. அதே டிசைனை பத்து மடங்கு பெருசாக்கினா பரப்பு நூறு மடங்கு கூடும், எடை ஆயிரம் மடங்கு கூடும். மாணவர்கள் ரெண்டாவதா தவறுற இடம் இதுதான், எறும்பு செய்யுறதை யானை சைஸ்ல வரைஞ்சு வெச்சுடறாங்க.

சரி உங்க பாட்டில். நான் உங்க இடத்துல இருந்தா எந்த உயிரினம்னு முதல்ல தேட மாட்டேன். பாட்டிலோட வாழ்க்கையை உக்காந்து கணக்கு போடுவேன், எவ்வளவு மெட்டீரியல், எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை கழுவல், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு தண்ணி, அது சூடான தண்ணியா, சோப்பு எவ்வளவு. ஐஎஸ்ஓ 14040-னு ஒரு தரநிலை இருக்கு, ஆயுள் சுழற்சி மதிப்பீட்டுக்கு, முழுசா பண்ண வேண்டாம், அந்தச் சட்டகத்துல ஒரு தாள்ல தோராயமா போட்டா போதும். வருஷக்கணக்கா பயன்படுத்துற பொருள்ல, சூடான தண்ணியில கழுவுறது செய்யறப்ப ஆகுற கேட்டையே தாண்டிப் போயிடலாம், அப்படி வந்தா உங்க உள்ளுணர்வு சரி, கழுவுறதைக் குறைக்கணும். ஆனா ஏன் கழுவ வேண்டியிருக்கு? பாட்டில் சுவர் எப்பவுமே பெரிய பிரச்சனை இல்ல, வாய் அகலமா இருந்தா கையை விட்டு ஒரு சுத்து சுத்திடலாம். நாத்தம் வர்றது மூடியோட மரை இடுக்குலயும் ரப்பர் வளையத்துக்கு அடியிலயும், ஏன்னா அங்க ஈரம் காயறதே இல்ல. அப்ப நீங்க கேக்க வேண்டிய கேள்வி "எது தண்ணியை ஒட்ட விடாது" இல்ல, "எது இடுக்கு இல்லாம மூடுது, எது நனைஞ்சாலும் சீக்கிரம் காயுது". மூடித் திறக்கிற ஓடுங்க, விதை உறைங்க, ஈரத்துக்கு ஏத்த மாதிரி தானா திறந்து மூடுற பைன் கூம்பு, இப்படி அந்தக் கேள்வியோட போனா தேடுறதுக்கு இடம் நிறைய இருக்கு. உங்க காலேஜ்லயே தாவரவியல் துறை இருந்தா கதவைத் தட்டுங்க, அவங்க கிட்ட உயிரினத்தோட பேரைக் கேக்காதீங்க, இந்த வேலையை யார் செய்யுறாங்கன்னு கேளுங்க, ஒரு மணி நேரத்துல எனக்கு 16 வருஷத்துல கிடைக்காத பத்துப் பேர் சொல்லுவாங்க.

கணக்கையும் ஸ்கெட்ச்சையும் போட்டுட்டு இங்கயே பதில்ல போடுங்க, பாத்து சொல்றேன். பாட்டிலோட அழகான வெளிப்புறப் படம் வேண்டாம், மூடியோட குறுக்கு வெட்டுப் படம் மட்டும் போதும், ரப்பர் வளையம் உக்கார்ற இடம் தெளிவா தெரியற மாதிரி.